மேலே எழும் பலூனும் மருத்துவமனையில் பயன்படும் ஹீலியமும்

பிறந்த நாள், அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நாள், புதிதாய்ப் பிறந்த குழந்தையைக் காண வரும் நாள் என மகிழ்ச்சியான வேளைகளில் உறவினர்கள் பலூன்களுடன் மருத்துவமனைக்கு வருகின்றனர். நுழைவாயிலில் அவற்றை வைத்துவிட்டுச் செல்லுமாறு எங்கள் பணியாளர்கள் கேட்டுக்கொள்ளும்போது சிலருக்கு வருத்தம் ஏற்படுகிறது. "ஒரு பலூனால் என்ன ஆகிவிடப் போகிறது?" என்ற கேள்வி நியாயமானதே. அதற்கு விடையளிக்க, பலூன் ஏன் மேலே எழுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அதே வாயு இந்த மருத்துவமனைக்குள் உயிர் காக்கும் பணிகளைச் செய்து வருவதையும் இவ்விதழில் விளக்க விரும்புகிறோம்.

காற்றுக்கும் எடை உண்டு

நம்மைச் சூழ்ந்துள்ள காற்றை நாம் எடையற்றதாகவே எண்ணிப் பழகிவிட்டோம். உண்மையில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 1.2 கிலோ. நான்கு மீட்டர் நீளமும் மூன்று மீட்டர் அகலமும் மூன்று மீட்டர் உயரமும் கொண்ட ஒரு நோயாளர் அறையில் 36 கன மீட்டர் காற்று இருக்கும். அதன் எடை 43 கிலோ. அதாவது, ஒரு பெரிய அரிசி மூட்டையின் எடைக்குச் சற்றே குறைவு.

வாய் மூடிய வெற்றுக் குடத்தைக் கிணற்று நீருக்குள் அழுத்திப் பார்த்தவர்களுக்கு அது கையை எவ்வளவு வலுவாக மேலே தள்ளும் என்பது தெரியும். குடம் எவ்வளவு நீரை விலக்குகிறதோ, அந்த நீரின் எடைக்குச் சமமான விசை அதை மேல்நோக்கித் தள்ளுகிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முன்னர் ஆர்க்கிமிடீஸ் கூறிய இந்த விதி நீருக்கு மட்டுமன்றிக் காற்றுக்கும் பொருந்தும். காற்றுக்கடலின் அடியில் வாழும் நாமும் அந்த விசைக்கு உட்பட்டவர்களே. நம் உடல் காற்றைவிடப் பல நூறு மடங்கு அடர்த்தியானது என்பதால் அதை உணர்வதில்லை.

ஒரு லிட்டர் காற்றின் எடை சுமார் 1.2 கிராம். ஒரு லிட்டர் ஹீலியத்தின் எடை ஏறத்தாழ 0.17 கிராம். இரண்டுக்கும் உள்ள வேறுபாடான ஒரு கிராம்தான் ஒரு லிட்டர் ஹீலியத்தின் தூக்கும் திறன். 30 செ.மீ. விட்டமுள்ள வழக்கமான ரப்பர் பலூன் 14 லிட்டர் வாயுவைக் கொள்ளும். ஆகவே அது 14 கிராம் வரை தூக்கக்கூடும். ரப்பரின் எடையையும் நூலின் எடையையும் கழித்தால் எஞ்சுவது சுமார் 10 கிராம். இக்கணக்கின்படி 60 கிலோ எடையுள்ள ஒருவரைத் தூக்க ஏறத்தாழ 6,000 பலூன்கள் தேவைப்படும். கையில் பத்துப் பலூன்களுடன் நிற்கும் குழந்தை பறந்துவிடுமோ என அஞ்சத் தேவையில்லை.

வாயால் ஊதிய பலூன் ஏன் எழுவதில்லை என்பதும் இதிலிருந்து விளங்கும். நாம் ஊதும் மூச்சுக் காற்று ஏறக்குறைய வெளிக்காற்றின் அடர்த்தியையே கொண்டது. அத்துடன் ரப்பரின் எடையும் சேர்வதால் அந்தப் பலூன் தரையையே நாடுகிறது.

மறுநாள் காலையில் ஏன் தளர்ந்துவிடுகிறது?

மாலையில் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்த பலூன் மறுநாள் காலையில் சோர்ந்து தரையில் கிடப்பதைக் கண்டு குழந்தைகள் வருந்துவதுண்டு. பலூனில் ஓட்டை எதுவும் இல்லை. முடிச்சும் அவிழவில்லை. காரணம் ரப்பரிலேயே உள்ளது.

கண்ணுக்கு வழவழப்பாகத் தோன்றும் ரப்பர் சுவர், நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் பின்னிப் பிணைந்த ஒரு வலை. ஹீலியம் தனித்தனி அணுக்களாக இருக்கும் வாயு. அந்த அணுக்கள் மிகச் சிறியவை, மிக விரைவாக இயங்குபவை. அவை அந்த வலையின் இடுக்குகள் வழியே இடைவிடாது வெளியேறுகின்றன. வழக்கமான ரப்பர் பலூன் அரை நாள் முதல் ஒரு நாள் வரையே மிதக்கும். உலோகப் பூச்சு பூசிய பளபளப்பான பலூனின் சுவரில் அத்தகைய இடுக்குகள் மிகக் குறைவு என்பதால் அது பல நாள்கள் மிதக்கிறது.

வெப்பநிலையும் பலூனை மாற்றும். வெளியே 35 டிகிரி வெயிலில் வாங்கிய பலூனை 22 டிகிரிக் குளிரூட்டப்பட்ட அறைக்குக் கொண்டு வந்தால் உள்ளிருக்கும் வாயு சுமார் நான்கு விழுக்காடு சுருங்கும். பளபளப்பான பலூன் உடனே தொய்ந்து காணப்படும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என எண்ண வேண்டாம். மீண்டும் வெயிலுக்குச் சென்றால் அது பழைய வடிவத்தைப் பெறும். இதற்கு நேர்மாறாக, வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுச் சென்ற பலூன் விரிந்து வெடிக்கக்கூடும்.

பேருந்தில் செல்லும்போது மற்றொரு விந்தையைக் காணலாம். ஓட்டுநர் பிரேக் போட்டதும் நாம் அனைவரும் முன்னே சாய்கிறோம். குழந்தையின் கையிலுள்ள ஹீலியம் பலூனோ பின்னே சாய்கிறது. பேருந்துக்குள் உள்ள காற்றும் நம்மைப் போலவே முன்னே நெருக்கப்படுகிறது. அடர்த்தி மிகுந்த காற்று முன்புறத்தில் சேரும்போது, இலேசான பலூன் அதனால் பின்னே தள்ளப்படுகிறது. மேலே எழச் செய்யும் அதே விதிதான் இங்கே பக்கவாட்டில் செயற்படுகிறது.

சூரியனில் அறியப்பட்ட வாயு

ஹீலியத்தின் வரலாற்றில் நம் நாட்டுக்கும் இடமுண்டு. 1868ஆம் ஆண்டு ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணம் இந்தியாவில் தென்பட்டது. அதனைக் காண அறிவியலாளர்கள் அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த குண்டூரிலும் மசூலிப்பட்டினத்திலும் கருவிகளுடன் கூடினர். பிரான்ஸ் நாட்டின் ஜான்சென் குண்டூரிலும், சென்னை வானாய்வகத்தின் போக்சன் மசூலிப்பட்டினத்திலும் இருந்து சூரியனின் விளிம்பிலிருந்து எழும் பிழம்புகளை நிறமாலைக் கருவியால் ஆராய்ந்தனர். அந்தப் பிழம்புகளின் ஒளியில் ஒரு மஞ்சள் கோடு காணப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் இங்கிலாந்தில் நார்மன் லாக்கியரும் அதைக் கண்டார். சோடியம் தரும் மஞ்சள் கோடுகளுடன் அது பொருந்தவில்லை என்பது தெளிவாயிற்று. புவியில் அறியப்படாத ஒரு தனிமத்தின் அடையாளம் அது எனக் கருதி, சூரியனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து ஹீலியம் என்ற பெயர் பிறந்தது. 1895இல் வில்லியம் ராம்சே யுரேனியம் கலந்த ஒரு கனிமத்திலிருந்து அதே வாயுவைப் பிரித்தெடுத்தார்.

புவியின் ஆழத்தில் யுரேனியம், தோரியம் ஆகிய தனிமங்கள் மெல்ல மெல்லச் சிதையும்போது ஹீலியம் உருவாகிறது. கோடிக்கணக்கான ஆண்டுகளாக இவ்வாறு உருவான வாயு இயற்கை எரிவாயுவுடன் கலந்து பாறைகளுக்கு அடியில் தேங்கியுள்ளது. அமெரிக்கா, கத்தார் போன்ற சில நாடுகளிலேயே அது பெருமளவில் பிரித்தெடுக்கப்படுகிறது. பலூனிலிருந்து கசியும் ஹீலியம் காற்றில் கலந்துவிடுகிறது. காற்றில் பத்து இலட்சம் பங்கில் ஐந்து பங்கே ஹீலியம் என்பதால், அதை மீண்டும் திரட்டுவது பெருஞ்செலவாகும். வளிமண்டலத்தின் உச்சியை அடையும் அணுக்கள் நாளடைவில் விண்வெளிக்கே தப்பிச் செல்கின்றன. வெட்டிய மரத்தை மீண்டும் நடலாம். இழந்த ஹீலியத்தை நம் காலத்தில் மீண்டும் உண்டாக்க இயலாது.

மருத்துவமனைக்குள் ஹீலியம்

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துக்கொண்டவர்கள் ஒரு குகை போன்ற எந்திரத்துக்குள் படுத்திருந்ததை நினைவுகூர்வார்கள். அக்குகையைச் சுற்றி மீக்கடத்தும் கம்பிச் சுருள்கள் உள்ளன. மிகக் கடுங்குளிரில் மட்டுமே அக்கம்பிகள் தடையின்றி மின்சாரத்தைக் கடத்தி, வலிமை மிக்க காந்தப் புலத்தை உண்டாக்கும். அக்குளிரை அளிப்பது திரவ ஹீலியம். அதன் வெப்பநிலை மைனஸ் 269 டிகிரி செல்சியஸ். பெரும்பாலான எந்திரங்களில் 1,500 லிட்டர் அளவுக்குத் திரவ ஹீலியம் நிரப்பப்படுகிறது. ஒரு லிட்டர் திரவ ஹீலியம் வாயுவானால் ஏறத்தாழ 750 லிட்டராக விரியும். அவ்வாறாயின் ஒரே ஓர் எந்திரத்திலுள்ள ஹீலியத்தைக் கொண்டு சுமார் 80,000 பலூன்களை நிரப்பலாம். சில லிட்டர் ஹீலியத்துடனேயே இயங்கும் புதிய வகை எந்திரங்களும் இப்போது வந்துள்ளன.

ஸ்கேன் எடுக்கும்போது கேட்கும் பலத்த தட்டல் ஓசைக்கும் ஹீலியத்துக்கும் தொடர்பில்லை. காந்தப் புலத்தை நொடிக்குப் பலமுறை மாற்றும் வேறு கம்பிச் சுருள்கள் அதிர்வதே அந்த ஓசை. ஸ்கேன் நடைபெறாத வேளையிலும் காந்தம் செயற்பட்டுக்கொண்டே இருக்கும் என்பதை மட்டும் மறவாதீர்கள். அதனாலேயே துணைக்கு வருபவரிடமும் சாவி, கைக்கடிகாரம், கொண்டை ஊசி முதலியவற்றை வெளியே வைக்கச் சொல்கிறோம்.

இதயச் சிகிச்சைப் பிரிவில் ஹீலியம் உண்மையாகவே ஒரு பலூனுக்குள் இருக்கிறது. மாரடைப்பினாலோ அறுவைச் சிகிச்சைக்குப் பின்னரோ இதயம் மிகவும் தளர்ந்துவிட்டால், தொடையிலுள்ள தமனியின் வழியே நீண்டு மெலிந்த ஒரு பலூனை உடலின் முதன்மைத் தமனிக்குள் மருத்துவர்கள் செலுத்துவதுண்டு. இதயம் ஓய்வு கொள்ளும் கணத்தில் அது விரிந்து, இதயத் தசைக்கு இரத்தம் கூடுதலாகச் செல்ல உதவுகிறது. இதயம் சுருங்கத் தொடங்குவதற்குச் சற்று முன் அது சுருங்கி, இதயத்தின் பளுவைக் குறைக்கிறது. இதயம் நிமிடத்துக்கு 80 முறை துடித்தால் பலூனும் 80 முறை விரிந்து சுருங்க வேண்டும். பெரியவர்களுக்கான பலூனின் கொள்ளளவு சுமார் 40 மில்லிலிட்டர். இவ்வளவு வாயு மெல்லிய குழாய் வழியே ஒரு நொடிக்குள் சென்று திரும்ப வேண்டுமெனில் அது மிக இலேசானதாக இருத்தல் வேண்டும். ஹீலியம் அத்தகையது.

இரத்தக் குழாய் அடைப்பை நீக்கும் ஆஞ்சியோபிளாஸ்டியில் பயன்படும் பலூன் வேறு. அதில் வாயுவுக்குப் பதிலாக, எக்ஸ்ரே படத்தில் தெரியக்கூடிய திரவம் நிரப்பப்படுகிறது. "பலூன் வைத்தார்கள்" என்று வீட்டில் சொல்லும்போது இவ்விரண்டில் எது என்பதை மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பின்னர் வேறொரு மருத்துவரிடம் செல்லும்போது அத்தகவல் பயன்படும்.

மூச்சுக்குழாய் கடுமையாகக் குறுகிய சில நோயாளர்களுக்கு, ஹீலியமும் ஆக்சிஜனும் கலந்த வாயு முகமூடி வழியே அளிக்கப்படுவதுண்டு. 1934இல் அமெரிக்க மருத்துவர் ஆல்வன் பராக் இம்முறையை விவரித்தார். இலேசான அக்கலவை குறுகிய பாதையில் எளிதாகச் செல்வதால், மூச்சுவிடும் உழைப்பு குறைகிறது. இது நோயைக் குணப்படுத்தாது. மருந்துகள் வேலை செய்யத் தொடங்கும் வரை அவகாசம் அளிக்கிறது. இக்கலவையில் ஆக்சிஜன் குறைந்தது 20 விழுக்காடாவது இருக்கும். பலூன் கடையிலுள்ள சிலிண்டரில் ஆக்சிஜன் சேர்க்கப்படுவதில்லை. இந்த வேறுபாட்டில்தான் உயிர் இருக்கிறது.

விளையாட்டுக் குரலின் விபரீதம்

ஹீலியத்தை உள்ளிழுத்துக் கீச்சுக் குரலில் பேசுவதைப் பலர் வேடிக்கையாகக் கருதுகின்றனர். ஹீலியத்தில் ஒலி காற்றில் செல்வதைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு விரைவாகச் செல்லும். குரல்நாண்கள் அதிரும் விதம் பெரிதாக மாறுவதில்லை. தொண்டையிலும் வாயிலும் அவ்வொலி எதிரொலித்து வளம் பெறும் முறையே மாறுகிறது. அதனால் குரல் மெலிந்து கீச்சென ஒலிக்கிறது.

ஹீலியம் நஞ்சன்று. எனினும் நுரையீரலை நிரப்பும்போது ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்கிறது. மூச்சை அடக்கும்போது நமக்கு ஏற்படும் தவிப்பு, உடலில் கார்பன் டை ஆக்சைடு சேர்வதால் பெரிதும் உண்டாவது. ஹீலியத்தை உள்ளிழுத்து வெளிவிடும்போது கார்பன் டை ஆக்சைடு வெளியேறிக்கொண்டே இருப்பதால் அந்தத் தவிப்பு எழுவதில்லை. எச்சரிக்கை ஏதுமின்றி, சில மூச்சுகளிலேயே நினைவு தப்பக்கூடும். உயிரும் பிரியக்கூடும். சிலிண்டரிலிருந்து நேரடியாக உள்ளிழுப்பது இன்னும் கொடியது. அதன் அழுத்தம் நுரையீரலைக் கிழித்து, வாயுக் குமிழ்களை இரத்தத்தில் செலுத்திவிடும். எந்த வயதினரும், ஒருமுறைகூட, இதைச் செய்து பார்க்க வேண்டாம் என வலியுறுத்துகிறோம்.

வார்டுகளில் பலூனை ஏன் தவிர்க்கிறோம்?

முதற்காரணம் மூச்சடைப்பு. வெடித்த ரப்பர் பலூனின் துண்டையும் ஊதாத பலூனையும் சிறு குழந்தைகள் வாயில் வைத்து மெல்லுவார்கள். ஈரமான மெல்லிய ரப்பர் தொண்டையின் வடிவத்துக்கு ஏற்பப் படிந்து மூச்சுப் பாதையை முற்றிலும் அடைத்துவிடும். கடினமான பொருளைப் போல அதை எளிதாக வெளியே தள்ளவும் இயலாது.

இரண்டாவது காரணம் ஒவ்வாமை. ரப்பர் பலூன்கள் ரப்பர் மரத்தின் பாலிலிருந்து செய்யப்படுபவை. அப்பாலிலுள்ள புரதங்கள் சிலருக்குத் தோல் தடிப்பு முதல் கடும் மூச்சுத் திணறல் வரை உண்டாக்கும். பலமுறை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களிடமும், பிறவியிலேயே தண்டுவடக் குறைபாடு உள்ள குழந்தைகளிடமும் இவ்வொவ்வாமை மிகுதியாகக் காணப்படுகிறது. உங்கள் குழந்தைக்கு அது இல்லாமல் இருக்கலாம். அடுத்த கட்டிலில் உள்ள குழந்தைக்கு இருக்கலாம்.

மூன்றாவது காரணம் நெருப்பு. மேலே எழும் பலூன்கள் அனைத்திலும் ஹீலியம் இருப்பதாகக் கொள்ள முடியாது. ஹீலியம் விலை உயர்ந்தது என்பதால், தெருவில் விற்கப்படும் பல பலூன்களில் ஹைட்ரஜன் அடைக்கப்படுகிறது. ஹைட்ரஜனின் தூக்கும் திறன் ஹீலியத்தைவிட ஏறத்தாழ எட்டு விழுக்காடே அதிகம். ஆனால் ஹீலியம் எரியாது, ஹைட்ரஜன் ஒரு பொறியிலேயே பற்றிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்து இரண்டையும் வேறுபடுத்த இயலாது. ஆக்சிஜன் குழாய்கள் செல்லும் வார்டில் அந்த ஐயத்துக்கு நாங்கள் இடமளிக்க இயலாது. வீட்டிலும் கேக்கின் மெழுகுவர்த்திக்கும் ஊதுபத்திக்கும் அருகில் இப்பலூன்களைக் கட்ட வேண்டாம்.

நாங்கள் வேண்டுவன

1. வார்டுக்கு எவ்வகைப் பலூனையும் கொண்டு வர வேண்டாம். படப் புத்தகம், வண்ணக் காகித மாலை, உறவினர் கையெழுத்திட்ட வாழ்த்து அட்டை ஆகியவற்றைக் கொண்டு வரலாம்.

2. வீட்டில் எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் பலூனுடன் விளையாடும்போது பெரியவர் ஒருவர் உடனிருக்கட்டும். வெடித்த துண்டுகளை உடனே பொறுக்கிக் குப்பையில் இடுங்கள்.

3. ரப்பர் கையுறையோ பலூனோ பட்டபின் உங்களுக்கு அரிப்பு, உதட்டு வீக்கம், இளைப்பு முதலியவை ஏற்பட்டதுண்டெனில், அறுவைச் சிகிச்சைக்கு முன்னரும் பல் சிகிச்சைக்கு முன்னரும் மருத்துவரிடம் தவறாமல் கூறுங்கள்.

4. குழந்தையின் தொண்டையில் பலூன் துண்டு சிக்கி, அழவோ இருமவோ முடியாமல் தவித்தால், உடனே 108க்கு அழைக்கச் சொல்லுங்கள். குழந்தையை முன்னே சாய்த்து, தோள்பட்டைகளுக்கு இடையே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை வலுவாகத் தட்டுங்கள். பயனில்லை எனில், ஒரு வயதைக் கடந்த குழந்தைக்குத் தொப்புளுக்குச் சற்று மேலே ஐந்து முறை உள்ளும் மேலுமாக அழுத்துங்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் வயிற்றை அழுத்தக்கூடாது. தலை தாழ்ந்திருக்குமாறு முன்கையில் குப்புறக் கிடத்தித் தட்டிய பின், மல்லாத்தி, நெஞ்சின் நடுவே இரு விரல்களால் ஐந்து முறை அழுத்த வேண்டும். அடைப்பு நீங்கும் வரை இவற்றை மாறி மாறிச் செய்யுங்கள். குழந்தை நினைவிழந்தால் உடனே நெஞ்சழுத்த முதலுதவியைத் தொடங்குங்கள். கண்ணுக்குத் தெரியாத துண்டை விரல்விட்டுத் துழாவ வேண்டாம். அது இன்னும் ஆழமாகச் செல்லக்கூடும்.

5. பலூன்களை வானில் பறக்கவிட வேண்டாம். அவை உயரத்தில் வெடித்து, துண்டுகளாக வயலிலும் நீர்நிலையிலும் விழுகின்றன. கால்நடைகளும் பறவைகளும் அவற்றை இரையென எண்ணி விழுங்குகின்றன. பளபளப்பான பலூன்கள் மின்கம்பிகளில் பட்டால் மின்தடையும் தீப்பொறியும் உண்டாகும்.

வீடு திரும்பும் குழந்தைக்குப் பலூன் வாங்கித் தர விரும்பினால், வாயிலுக்கு வெளியே, ஹீலியம் எனக் கேட்டு உறுதி செய்துகொண்டு வாங்குங்கள். அதன் நூலைக் குழந்தையின் கழுத்திலோ மணிக்கட்டிலோ இறுகக் கட்டாமல், ஒரு சிறு எடையில் கட்டிக் கொடுங்கள். மறுநாள் காலையில் அது ஏன் கீழே இறங்கியது எனக் குழந்தை கேட்டால் கூறுவதற்கு இப்போது உங்களிடம் விடை இருக்கிறது.